சித்திக்குக் கிடைத்த ஒரேயொரு பண்டிகை

உங்களில் பலருக்கும் இப்போது என்னைப் போல நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்து அடுக்குமாடிகளில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் ஹாலோவீனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் கடையில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பிளாஸ்டிக் எலும்புக்கூடு, பற்றரி போட்டால் சிரிக்கிற மண்டையோடு, காற்றடித்து நிமிர்த்துகிற பேய். எங்கள் காலத்தில் இதையெல்லாம் கையால் செய்தோம் என்று நாம் அவர்களிடம் பெருமையடிப்போம். நானும் அடிப்பேன். ஆனால் அந்தப் பேச்சில் கொஞ்சத் தூரம் போனதும் எனக்கு வாய் கட்டிப் போகும். காரணம் வெட்கம். யாருடைய வெட்கம் என்று கேட்டால், எங்கள் வீட்டு வெட்கம். உங்கள் வீட்டிலும் இதில் ஒரு பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ட்வெய்ட்டாவில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். ஹாலோவீன் நோர்வேக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நோர்வேஜியப் பெரியவர்களே அதை அமெரிக்கக் கூத்து என்று முணுமுணுத்த காலம். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் பேய்ப் பண்டிகை. பிள்ளைகளுக்கு இந்த விவகாரம் ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒரேயொரு சட்டம். வாசலில் பூசணிக்காய் விளக்கு எரிகிற வீட்டைத்தான் தட்டலாம், எரியாத வீட்டைக் கடந்து போய்விட வேண்டும். எங்கள் வீட்டை எல்லாரும் கடந்து போனார்கள். கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியாக நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் வகுப்புப் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும்.

அந்த வருடம் விடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா மசியவில்லை. கோடை விடுமுறையில் அக்கா வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகியிருந்தார். நவம்பரில் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்வதாக ஏற்பாடு.

"நல்ல காரியம் வைச்சிருக்கிற வீட்டிலை மண்டையோடும் எலும்பும் தொங்க விடுறதோ? உனக்கென்ன விசரோ?" என்றார் அம்மா.

நான் அழுதேன். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றேன். அப்பா என்னைப் பார்க்கும்போது எனக்கும், அம்மாவைப் பார்க்கும்போது அம்மாவுக்குமாகத் தலையாட்டினார். ஒரு பின்னேரம் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டே அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"நான் இதிலை கை வைக்கமாட்டன். அக்காவும் தொடப்படாது. சித்தியோட சேந்து செய். இது மங்கல காரியம் இல்லைத்தானே. அவள் செய்யலாம்."

சித்தி அம்மாவின் சொந்தத் தங்கை. அவர் அந்த மேசையில்தான் இருந்தார், அம்மாவுக்கு நேர் எதிரே. பருப்பை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓம் பிள்ளை, இதுக்கு நான்தான் தோதான ஆள்" என்றார்.

நான் எழும்பிப் போய் அவரைக் கட்டிப் பிடித்தேன். அம்மா சொன்னதில் எனக்குக் கேட்டது "செய்" என்ற ஒரு சொல்தான்.

சித்தப்பா பேர்கனில் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சு நோவென்று விழுந்து இறந்தவர். பிள்ளைகள் இல்லை. ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு அம்மா போய்ச் சித்தியை எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தார். "என்ர தங்கச்சியை நான் பாக்காமல் ஆர் பாக்கிறது?" என்று எல்லாருக்கும் சொன்னார். அது உண்மைதான். எங்கள் அறையில் சித்திக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார், வேலை தேடிக் கொடுத்தார், குளிருக்குத் தன் நல்ல கோட்டையே கொடுத்தார். அம்மா கல்நெஞ்சுக்காரி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நினைத்தால் இந்தக் கதை சுலபமாகப் போய்விடும்.

சித்திக்கு அப்போது முப்பது கடந்து கொஞ்சக் காலம்தான். அதிகாலையில் நகரத்து அலுவலகக் கந்தோர்களைத் துப்புரவாக்கப் போவார். மத்தியானம் வந்து சமைப்பார். நெற்றி வெறுமையாக இருக்கும். உடுப்பெல்லாம் சாம்பல், மண் நிறம். அக்காவுக்கு முதல் தண்ணீர் வார்த்த அன்று உளுந்து வறுத்து மாவாக்கிக் களி கிண்டியது சித்தி. பெண்கள் வந்து மணி அடித்தபோது அம்மா ஏதோ மெல்லச் சொல்ல, சித்தி எங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்தான் களியை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏன் சித்தி இஞ்சை இருக்கிறீங்கள்?"

"தலையிடிக்குது பிள்ளை."

நான் நம்பினேன். சித்திக்குத் தலையிடி வருகிற நாள்களெல்லாம் எங்கள் வீட்டு விசேஷ நாள்கள் என்பதைக் கவனிக்க எனக்கு இன்னும் பல வருடங்கள் பிடித்தன.

ஆனால் அந்த ஒக்டோபரில் சித்திக்குத் தலையிடி வரவேயில்லை. துருக்கிக்காரர் கடையில் பெரிய பூசணிக்காய்களாகத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தார். கத்தியைக் குத்தி மூடியை வெட்டி, உள்ளே கையை விட்டு நாரோடு விதையை வழித்து எடுத்தபோது எழுந்த பச்சை மணம் இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. விதைகளைக் கழுவி ஹீற்றருக்கு மேல் கடதாசி விரித்துக் காயவைத்தார். சதையெல்லாம் கறியானது. அந்தக் கிழமை முழுக்கப் பூசணிக்காய்க் கறிதான். பேய்க்குப் படைத்த மிச்சம் என்று அப்பா பகிடி விட்டார்.

பழைய கட்டில் விரிப்பைக் கிழித்துப் பேய்கள். முட்டைப் பெட்டியைக் கறுப்பு மையில் தோய்த்து வௌவால்கள். ரொயிலற் பேப்பர் சுற்றி வருகிற மட்டைக் குழாயில் கண் வெட்டி, உள்ளே சின்ன விளக்கை வைத்துப் படிக்கட்டு மூலையில் விட்டால், இருட்டிலிருந்து எதுவோ பார்க்கிற மாதிரி இருக்கும். குப்பைப் பையைக் கீலம் கீலமாக வெட்டிக் கதவுக்குத் திரை. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். ஊரில் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் தன் இல்லத்து அணிக்கு அலங்காரம் செய்ததே தான்தான் என்றார். மூங்கிலும் கடதாசியும் வைத்து ஒரு கப்பலே கட்டினார்களாம். முதல் பரிசு வாங்கின கப்பலாம். சொல்லும்போது சித்தியின் குரல் உயர்ந்தது. வீட்டில் அவர் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை.

எங்கள் கதவுக்கு மட்டும் என்று தொடங்கியது படிக்கட்டு முழுக்கப் பரவியது. மேல்மாடிச் சோமாலியப் பிள்ளைகள் வந்தார்கள். பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பெட்டை வந்தாள். ஆளுக்கொரு படியைப் பிரித்துக் கொடுத்து, யார் வெட்டுவது, யார் ஒட்டுவது என்று சித்தி பாதி நோர்வேஜியத்திலும் பாதித் தமிழிலும் கட்டளை போட்டார். எல்லாருக்கும் விளங்கியது.

கீழ்வீட்டு நோர்வேஜிய மனுசி சத்தம் கேட்டு வெளியே வந்தார். பாலர் பள்ளியில் வேலை செய்கிறவர், அம்மாவை விடச் சில வயது மூத்தவர். "இங்கே தலைவி யார்?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் சித்தியைக் காட்டினோம். அதற்குப் பிறகு அவருக்குச் சித்தி தலைவிதான். கம்பளி நூல் தருகிறேன் என்று எங்களைத் தன் வீட்டுக்குள் கூட்டிப் போனார். முன்னறையில் அவருடைய கணவரின் படம் இருந்தது, முன்னால் ஒரு மெழுகுதிரி. இறந்து சில வருடங்கள் என்றார். சித்தி படத்தைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, "என்னுடையவரும்" என்று நோர்வேஜியத்தில் சொன்னார். அந்த மனுசி கோப்பி வார்த்துக் கொடுத்தார். நாங்கள் நிலத்தில் இருந்து சிலந்திவலை பின்ன, அவர்கள் இரண்டு பேரும் கோப்பி குடித்தார்கள்.

ஹாலோவீன் அன்று பின்னேரமே இருட்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெட்டை முகத்தில் பூசுகிற மைப்பெட்டி கொண்டுவந்து எங்கள் எல்லாருக்கும் முகம் எழுதினாள். கடைசியில் சித்தியைப் பிடித்து இருத்தினாள். சித்தி கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தார். அவள் கண்ணுக்குக் கறுப்பு அடித்தாள், சொண்டுக்குச் சிவப்புப் பூசினாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, தமிழ்ச் சூனியக்காரிக்கு இது வேண்டும்தானே என்று சொல்லி, நெற்றியில் வட்டமாக ஒரு பெரிய சிவப்புப் பொட்டு வைத்தாள்.

சித்தி சப்பாத்துத் தட்டுக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அழித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தலைமுடியை ஒதுக்கிப் பொட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி விட்டார்.

அம்மா வேலையால் வந்து கதவைத் திறந்தார். கையில் பை. அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடி இது கோலம்? அதை அழி."

"வேசம்தானே, அக்கா."

"சனம் பாத்தால் என்ன நினைக்கும்?"

"பேயெண்டு நினைக்கும். அதுக்குத்தானே போட்டது."

அம்மா பையோடு உள்ளே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து முதல் தட்டு விழுந்தது. எங்கள் கதவில் விழுந்த முதல் தட்டு! சித்தி கதவைத் திறந்து, கையைத் தூக்கி, ஊரில் எங்கோ கேட்ட ஒரு குரலில் அலறினார். பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு பாதிப் படிக்கட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்தார்கள். இரண்டு கையாலும் அள்ளி இனிப்புக் கொடுத்தார். வேறு கட்டடங்களிலிருந்துகூடப் பிள்ளைகள் வந்தார்கள். இனிப்பு முடிந்து அப்பா கடைக்கு ஓடினார். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் வீட்டு வாசலில் பொட்டோடு நின்று வந்தவர்களை வரவேற்றது சித்தி. நான் அன்று உலகத்திலேயே சந்தோஷமான பிள்ளை. இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. ஒரு மனுசி பொட்டு வைக்கப் பேய் வேசம் போடவேண்டியிருந்தது, அதை நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.

அடுத்த நாள் சித்தி முகத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தார். சாயம் முழுவதும் போகவில்லை. நெற்றியில் இளஞ்சிவப்பாக ஒரு அடையாளம் சில நாள் இருந்தது. அம்மா அதைப் பார்க்காத மாதிரி நடந்தார்.

படிக்கட்டு அலங்காரத்தைப் பார்த்தவர்கள் புகழ்ந்ததில் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. சாமத்தியவீட்டு மேடைக்கும் சித்தியே கடதாசிப் பூச் செய்யட்டும் என்றார். ஆனால் வீட்டிலிருந்து செய்யட்டும், மண்டபத்தில் மற்றவர்கள் கட்டுவார்கள் என்றார். சித்தி ஓம் என்றார். வேலையால் வந்து, சமைத்துவிட்டு, கட்டிலில் இருந்து தாமரை தாமரையாக மடித்தார். அந்த மேடையைப் பற்றி இப்போதும் சனம் கதைக்கிறது.

மண்டபத்தன்று கீழ்வீட்டு மனுசியும் வந்தார். அம்மாதான் அழைத்தார். வெள்ளைக்காரர் நாலு பேர் வந்தால் வீடியோவில் வடிவாக இருக்கும் என்பது அப்போதைய நம் எண்ணம், மறந்திருக்கமாட்டீர்கள். ஆரத்தித் தட்டுச் சுற்றி ஆலாத்தி எடுக்கும் நேரம் வந்தது. சுமங்கலிகள் சோடி சோடியாக மேடைக்கு ஏறினார்கள். அம்மா கீழ்வீட்டு மனுசியிடம் போய், நீங்களும் ஒரு தட்டு எடுங்கள் என்று கேட்டார். அவருக்குச் சந்தோஷம்.

"எனக்கு எப்படிச் செய்வதென்று தெரியாதே. தலைவி எங்கே? அவரோடு சேர்ந்து செய்கிறேன்" என்றார்.

"அவர் வேலையாக நிற்கிறார்" என்றார் அம்மா.

அந்த மனுசி விடவில்லை. சமையலறைக்குப் போய், உணவுப் பாத்திரங்களுக்கு நடுவே நின்ற சித்தியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். சித்தி வந்தார். அதுதான் எனக்கு மறக்கவில்லை. முதலில் மறுத்துத்தான் பார்த்தார், ஆனால் வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கதிரைகளுக்கு நடுவே பாதி மண்டபம் வரை வந்தார். மேடையில் அவருடைய தாமரைகளுக்குக் கீழே அக்கா இருந்தார், சித்தியைக் கண்டு சிரித்தார்.

அம்மா இறங்கி வந்து குறுக்கே நின்றார். வீடியோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தபடியால் முகத்தில் சிரிப்பு இருந்தது. சிரித்த முகத்தோடேயே தமிழில் மெல்லச் சொன்னார்.

"உனக்குத் தெரியாததே? பிள்ளையின்ர வாழ்க்கையடி. நீயாய் விளங்கிக்கொண்டு போ."

சித்தி கையை விடுவித்துக்கொண்டார். அடுப்பில் சோறு கிடக்கிறது என்று அந்த மனுசிக்கு நோர்வேஜியத்தில் சொன்னார். திரும்பி நடந்தார். அம்மா அந்த மனுசியைத் தன் பக்கத்தில் நிறுத்தி, தட்டின் ஒரு பக்கத்தை அவரிடம் கொடுத்து, மூன்று முறை சுற்றக் காட்டிக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். புருசனை இழந்தவர் இரண்டு பேர் அந்த மண்டபத்தில். ஒருவர் மேடையில் தட்டோடு, மற்றவர் குசினியில் கரண்டியோடு. கூடப் பிறந்தவளின் நிழல் பட்டால் பிள்ளைக்கு ஆகாது, வெள்ளைக்காரி பட்டால் அழகு. இந்தக் கணக்கை எந்தச் சாத்திரத்தில் படித்தோமோ தெரியாது.

சில நாள் கழித்துப் படிக்கட்டில் அந்த மனுசி என்னைக் கண்டு, "உன் சித்தி கூச்சப்படுகிறவரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல எனக்குத் தெரியும்?

தைப்பொங்கலுக்கு முன்னரே சித்தி துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். யாரையும் குறை சொல்லவில்லை. ரயிலடியில் அம்மா விம்மி விம்மி அழுதார். சித்திதான் அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு பிறந்தநாள்களுக்குக் காசு அனுப்புவார், போன் எடுப்பார். ஒஸ்லோவுக்கு வரச் சொன்னால் லீவில்லை என்பார். எங்கள் ஒரு நல்ல காரியத்துக்கும் அவர் வந்ததில்லை, நாங்களும் வற்புறுத்தியதில்லை. வராதது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

இத்தனை வருடமும் அம்மாவுக்காக நான் ஒரு சாட்டு வைத்திருந்தேன். அம்மா வேலையும் வீடுமாக ஓடியவர். கீழ்வீட்டு மனுசியின் முன்னறைக்குப் போனவர்கள் நாங்கள்தான். அவருக்குக் கணவர் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. ஊர் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் ஒரு பிழை செய்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்த நவம்பரில் அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு. அப்பா போன பிறகு அம்மாவும் ஆலாத்தித் தட்டைத் தொடுவதில்லை, யாரும் சொல்லாமலே ஒதுங்கி நிற்கிறார். அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை.

"முதல் ஆலாத்தி அம்மாவும் சித்தியும்தான் எடுக்கவேணும். இல்லாட்டி எனக்கு மண்டபமே வேண்டாம்" என்றார்.

சித்திக்கு நான் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ர அக்கா கேட்டவவோ?" என்றார்.

"இல்லைச் சித்தி, நாங்கள்தான் கேக்கிறம்."

"அப்ப அக்காவைக் கேக்கச் சொல்லு."

அம்மாவிடம் சொன்னேன். பாப்பம் என்றார். நாளைக்கு என்றார். கழுத்து நோகிறது என்றார். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் குசினி மேசையில் அவருடைய மகள் கறுப்பு மட்டையில் வௌவால் வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துத் தா என்றார். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டுக் கொடுத்தேன். சித்தி ஹலோ சொன்னதும், சுகம்கூட விசாரிக்காமல் அம்மா தொடங்கினார்.

"அண்டைக்கு மண்டபத்திலை உன்னை மறிச்சது நான். கீழ்வீட்டு மனுசிக்கும் புருசன் இல்லையெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அவவை ஏத்தினனான்."

அக்கா கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே வைத்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பிறகு சித்தியின் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"உனக்குத் தெரியுமெண்டு எனக்குத் தெரியும், அக்கா. பாவம், அந்த மனுசியும் என்னைப் போலப் புருசன் இல்லாமல் தனிச்சுப்போனாள் எண்டு முதல் முதல் எனக்குச் சொன்னதே நீதானே."

அம்மா மேசையிலிருந்த மட்டை வௌவால் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"எண்டைக்கு, சனியோ ஞாயிறோ?" என்று சித்தி கேட்டார். "இஞ்சை லீவு கேட்டுப் பாக்கவேணும்."

அம்மா போனை அக்காவின் பக்கம் நீட்டினார். திகதியை அக்காதான் சொன்னார்.